தேயிலை மலையின் சிற்றுயிர்கள்

மலைநாடு என்றவுடன் நம்மவருட் பலருக்கு மனக்கண் முன்னே தோன்றுவன சில காட்சிகளே. பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்ற தேயிலை மலைகள், அவற்றின் மேல் தவழும் முகில்கள், பாறையினின்று வீழும் அருவிகள், முதுகிற் கூடை தாங்கி நிரை நிரையாய் நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள். இவற்றைக் கண்டு, படமும் பிடித்து, ஒரு கோப்பைத் தேநீரும் அருந்திவிட்டால் நுவரெலியாவைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறோம். ஆயின், அந்தப் பச்சைக் கம்பளத்தின் ஓர் இழையை விலக்கிக் குனிந்து நோக்குவோமாயின், அங்கே வேறொரு நாடு இருக்கக் காண்போம். அந்நாட்டுக் குடிகளுக்கு ஆறு கால்கள், சிலவற்றுக்கு எட்டு, இன்னும் சிலவற்றுக்குப் பத்து. வண்டு, தேனீ, குளவி, வண்ணத்துப்பூச்சி, சிலந்தி, சிற்றுண்ணி, நண்டு முதலாய இவற்றையெல்லாம் கணுக்காலிகள் என்று ஒரு பெயரால் வழங்குவர் விலங்கியலார். மனிதன் பெயரிட்டு அறிந்துள்ள விலங்கினங்களுள் ஐந்தில் நான்கு பங்கு இவையே என்றால், பார்க்காமல் விட்டுவந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

இந்நாட்டைப் பார்க்கவென்றே 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவரோடு ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் சென்று வந்தேன். எம்மிடம் இருந்த கருவிகள் மிகச் சாதாரணமானவை. ஆளுக்கொரு கைவில்லை; ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு; ஒரு பழைய குடை; வெப்பமானி; குறிப்பேடு. உயிர்களைக் கொன்று பெட்டியில் அடுக்குவதில்லை, பார்த்து எழுதுவதும் படம் பிடிப்பதுமே நம் வேலை என்று புறப்படுமுன்னரே உறுதி செய்துகொண்டோம். வெள்ளை விரிப்பைச் செடியின் அடியிற் பரப்பிக் கொப்பை மெல்லத் தட்டினால், அதில் ஒளிந்திருப்பவை யாவும் விரிப்பில் உதிரும். குடையைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது நிகழும். எந்த இடம், எந்த நாள், எத்தனை மீற்றர் உயரம், எந்தச் செடி என்ற நான்கையும் எழுதாத குறிப்பு குறிப்பன்று என்பது எம் சட்டம்.

கோப்பிக் காலத்துக் குறிப்பேடுகள்

கண்டியிலிருந்து புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்து மேலேற மேலேறக் காற்றின் குணம் மாறுகிறது. ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். இவ்வுயர வேறுபாட்டை நாம் கம்பளிச் சட்டையால் அறிகிறோம். பூச்சிகளோ உயிராலேயே அறிகின்றன. ஓர் இனம் கீழே பெருகும், மேலே தலைகாட்டாது. மற்றோர் இனம் மேலே மட்டும் வாழும். கீழே வந்தால் மடியும். ஒரு மலையைப் படிப்படியாக ஏறுவது, ஒரே நாளில் பல நாடுகளைக் கடப்பதற்கு ஒப்பாகும்.

இம்மலைகளின் பூச்சிகளை முதன்முதல் ஊன்றி நோக்கியவர்கள் சர்வகலாசாலைப் பண்டிதர்கள் அல்லர், தோட்டக்காரர்களே. தேயிலை வருமுன்னர் இங்கே கோப்பி விளைந்த காலத்தில், ஜோன் நீட்னர் என்னும் ஜேர்மானியத் தோட்டக்காரர், கோப்பிச் செடியின் பகைவர்களைப் பற்றி 1861இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதே 1861ஆம் ஆண்டிற் பிறந்தவர் எட்வேர்ட் ஏர்னஸ்ட் கிரீன். பூண்டுலோயாவிலே தோட்டக்காரராயிருந்த அவர், தேயிலைச் செடியின் பூச்சிகளைப் பற்றி 1890இல் எழுதினார். பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளராகவும் விளங்கினார். செடியின் தண்டிலும் இலையிலும் சிறு செதில்கள் போல் ஒட்டிக்கிடக்கும் செதிற்பூச்சிகளைப் பற்றி அவர் ஆக்கிய பெருநூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. பூண்டுலோயா என்னும் நம் சிற்றூரின் பெயர், இன்றும் உலகத்துப் பூச்சியியல் ஏடுகளில் இருப்பதற்கு அவரே காரணர்.

1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. சில பத்தாண்டுகளிற் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. செடி மாறிற்று, பூச்சிகளோ எல்லாம் போய்விடவில்லை. சில பழைய குடிகள் புதிய செடிக்கு மாறிக்கொண்டன. நீட்னர் கோப்பியிற் கண்டு பெயரிட்ட ஓர் அந்துப்பூச்சி, விஞ்ஞானப் பெயரிற் கோப்பியைச் சுமந்தபடியே இன்று தேயிலையைத் தின்கின்றது. அதன் கதையைப் பின்னர்க் கூறுவேன்.

ஒடியும் வாதுகள்

ஹற்றனுக்கு அண்மையில் ஒரு தோட்டத்தில், துரையிடம் அனுமதி பெற்று இரண்டு நாள் தங்கினோம். கவ்வாத்து வெட்டி இரண்டாண்டு கழிந்த மலை அது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நடுத்தர வயதுடைய அம்மையார் ஒருவர், மாணவர் கைவில்லையோடு தடுமாறுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின், "தம்பிகளா, இப்படி வாங்க" என்றழைத்து, ஒரு வாதை இரு விரலால் வளைத்தார். அது சுள்ளி போல் ஒடிந்தது. "நல்ல வாது வளையும், ஒடியாது. இது ஒடிஞ்சா உள்ளுக்கு வண்டு இருக்கு" என்றார். ஒடிந்த இடத்திலே, ஈயக்குண்டு துளைத்தாற் போன்ற வட்டமான துவாரம் ஒன்று இருந்தது. அதனாலேயே தோட்டத்துரைமார் அதனை 'ஷொட் ஹோல் போரர்' என்பர்.

வாதைப் பிளந்து பார்த்தோம். உள்ளே சுரங்கம் போல் வளைந்து செல்லும் வழி. அதிலே இரண்டரை மில்லிமீற்றருக்கும் உட்பட்ட கரிய வண்டு. இவ்வண்டின் வரலாறு வியப்புக்குரியது. இது மரத்தைத் துளைக்கிறதேயன்றி மரத்தைத் தின்பதில்லை! தாய் வண்டு தன் வாயருகே உள்ள நுண்ணிய பைகளில் ஒருவகைப் பூஞ்சணத்தின் வித்துக்களைக் கொண்டு வருகிறது. சுரங்கம் தோண்டியதும் அதன் சுவர்களில் அவற்றை விதைக்கிறது. பூஞ்சணம் தழைக்கிறது, அதனை உண்டு குஞ்சுப் புழுக்கள் வளர்கின்றன. அதாவது, தேயிலைத் தோட்டத்துக்குள்ளே இவ்வண்டு வேறொரு தோட்டம் போட்டிருக்கிறது. தலவாக்கலையில் ஆராய்ந்த கட், லூஸ் என்னும் இருவர் இப்பூஞ்சணத்தை 1947இல் விவரித்துப் பெயரிட்டனர். ஆண் வண்டுகள் சிலவே. அவை பறக்க மாட்டா. பிறந்த சுரங்கத்திலேயே உடன்பிறந்த பெண் வண்டுகளோடு கூடி அங்கேயே வாழ்வை முடித்துவிடும். பெண் வண்டுகளே விதை தாங்கிப் புதிய வாது தேடிப் பறக்கின்றன.

இதனை 1868இல் ஐக்ஹோவ் என்பவர் இலங்கையிற் கிடைத்த மாதிரியைக்கொண்டு பெயரிட்டார். இலங்கையின் பூச்சி இலங்கைக்கே உரியதாக நின்றுவிடவில்லை. இதன் உறவினங்கள் இந்நூற்றாண்டில் இஸ்ரேலிலும் கலிபோர்னியாவிலும் ஆனைக்கொய்யா மரங்களையும், தென்னாபிரிக்காவில் நகர வீதிகளின் நிழல் மரங்களையும் தாக்கின. ஓரினம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தது, கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்கள் என்பதும் அண்மைக்காலத்து மரபணு ஆய்வினாலேயே துலங்கிற்று. ஓர் அம்மையார் இரு விரலால் வளைத்துக் காட்டிய அந்த வாதுக்குள்ளே, உலகத்து ஆய்வுகூடங்கள் மல்லாடும் வினா ஒன்று சுருண்டு கிடந்தது.

இவ்வண்டு நடுத்தர உயரத்து மலைகளிலேயே மிகுதி. நுவரெலியாவின் குளிர் அதற்கு வேலி. ஆயின் உலகம் வெப்பமுறும் இக்காலத்தில் அவ்வேலி எந்த உயரத்தில் நிற்கும் என்பதை ஆண்டுதோறும் ஏறி ஏறிப் பார்த்தன்றோ கூறல் வேண்டும்? ஆய்வுகூடத்து நாற்காலியிலிருந்து அதனை அறிய இயலாது.

குளவி காத்த தேயிலை

கொட்டகலை கடந்து, டெவன், சென் கிளயர் அருவிகளைப் பார்த்தவாறே தலவாக்கலை சேர்ந்தால், சென் கூம்ஸ் தோட்டத்திலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் நிறுவப்பெற்ற அந்நிலையத்தின் வரலாற்றில், மாணவர் யாவரும் அறியவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

நீட்னர் பெயரிட்ட அந்துப்பூச்சியைக் குறிப்பிட்டேன் அல்லவா? அதன் புழு, இலைகளை நூலாற் பிணைத்துச் சுருட்டி உள்ளிருந்து தின்னும். இலைச்சுருட்டிப் புழு என்பது பொருந்தும். அக்காலத்தில் அதன் முட்டைத் திரள்களைக் கையாற் பொறுக்குவிப்பதும் ஒரு வைத்தியமாயிருந்தது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவி இங்கே கொண்டுவரப்பட்டது. மக்ரோசென்ரஸ் என்பது அதன் பெயர். அது மனிதரைக் கொட்டும் குளவியன்று; புழுவின் உடலினுள்ளே முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவி. அது இடும் ஒரு முட்டை பலவாகப் பிரிந்து, பல குஞ்சுகளாகும். அவையாவும் இலைச்சுருட்டிப் புழுவை உண்டு வளர்ந்து, குளவிகளாய் வெளிப்பட்டு, வேறு புழுக்களைத் தேடும். சில ஆண்டுகளில் இலைச்சுருட்டிப் புழு அடங்கிற்று. மருந்தில்லை, செலவில்லை, குளவிகள் தாமாகவே தோட்டங்களைக் காத்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் புதிய நஞ்சுகள் வந்தன. அவற்றுள் டீல்ட்ரின் என்பது ஒன்று. தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்கவென்று அதனைத் தேயிலையில் தெளித்தனர். வண்டு ஒருவாறு குறைந்தது. ஆயின், யாரும் எதிர்பாராதது நடந்தது. பல ஆண்டுகளாக அடங்கிக்கிடந்த இலைச்சுருட்டிப் புழு, நஞ்சு தெளித்த மலைகளிலே மீண்டும் பெருகிற்று. காரணம் என்ன? புழு இலைச் சுருளினுள் மறைந்திருந்தது. அதனைத் தேடிப் பறந்த குளவியோ நஞ்சில் நேராக விழுந்து மாண்டது. காவலனைக் கொன்றுவிட்டுக் கள்வனை எவ்வாறு தடுப்பது! கவனமாக மலைமலையாய்க் கணக்கெடுத்த பூச்சியியலாளரின் உழைப்பினாலேயே இவ்வுண்மை வெளியாயிற்று. றேச்சல் கார்சன் அம்மையார் நஞ்சுகளின் கேட்டை எடுத்துரைத்து அமெரிக்காவில் நூல் வெளியிட்ட ஆண்டு 1962. ஏறக்குறைய அதே காலத்தில் நம் தலவாக்கலை மலைகளும் அவ்வுண்மையைத் தம் வழியிற் கற்றுக்கொண்டிருந்தன.

மறுதலையான பாடம் ஒன்றையும் நாம் அண்மையிற் கற்றோம். 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் நாசினிகளினதும் இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. கமக்காரரும் தோட்டத்தாரும் தவித்தனர். அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை நீங்கிற்று. ஓரிரவில் நஞ்சைக் கொட்டுவதும் பிழை. ஓரிரவில் யாவற்றையும் நிறுத்துவதும் பிழை. இடையிலுள்ள வழி, எந்த மலையில் எந்தப் பூச்சி எவ்வளவு, அதனை உண்பது எது என்று அறிந்து நடப்பதே. அவ்வறிவுக்குக் குறுக்கு வழி கிடையாது.

குளிர்க் காட்டின் குடிகள்

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குச் சென்றோம். பெப்ரவரி மாதத்து விடியற்காலையில் புற்றரையிலே உறைபனி வெண்மையாய்ப் படிந்திருந்தது. இத்தனை குளிரிற் பூச்சி ஏது என்று மாணவர் கேட்டனர். ஞாயிறு ஏறும்வரை பொறுத்திருங்கள் என்றேன். ஒன்பது மணியளவில், ஹக்கலைப் பூங்காவின் காட்டோரத்திலே வெயில் விழுந்த இடமெல்லாம் உயிர் பெற்றது. சிலந்தி வலைகளில் தொங்கிய பனித்துளிகள் உலர, வலைக்காரிகள் நடுவிலே வந்து அமர்ந்தன. சிவப்பும் கருமையும் கலந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று சிறகு விரித்து வெயில் காய்ந்தது. செவ்வட்மிரல் என்று அதனைச் சொல்லலாம். இமயமலைச் சாரலிலும் நீலகிரியிலும் வாழும் அதே இனம் இது. இடையிலுள்ள வெப்பச் சமவெளிகளில் அதனைக் காண்பதரிது. குளிர்ந்த மலையுச்சிகள் வெப்பக் கடலின் நடுவேயுள்ள தீவுகள் போல்வன என்பதற்கு இச்சிறு பூச்சியே சான்று.

தீவு என்றால் அதற்கேயுரிய குடிகளும் இருக்குமன்றோ? ஹோர்ட்டன் சமவெளியிலே மூங்கிற் புதர்களை அண்டிப் பறக்கும் கபில நிற வண்ணத்துப்பூச்சியொன்று, இலங்கையின் மலைகளையன்றி உலகில் வேறெங்கும் இல்லை. ஓடையிற் கல்லைப் புரட்டினால் விரலளவு நண்டு ஓடும். கடல் நண்டின் குஞ்சுகள் நீரில் மிதந்து நெடுந்தூரம் பரவும். மலையோடை நண்டுக்கு அவ்வசதியில்லை. முட்டையிலிருந்து சிறு நண்டாகவே பொரித்துத் தாயின் வயிற்றடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆதலால் ஒரு பள்ளத்தாக்கின் நண்டு அடுத்த பள்ளத்தாக்கை அடைவதே அரிது. பள்ளத்தாக்குத்தோறும் இனம் வேறுபடும். இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் ஐம்பதளவில் உள. அவற்றுள் ஏறத்தாழ எல்லாமே இத்தீவுக்கே உரியவை. இவற்றுள் ஒரு கூட்டத்துக்குப் பேர்பிரிங்கியா என்று பெயர். 1962இல் சுவீடன் நாட்டு லுண்ட் சர்வகலாசாலையிலிருந்து இங்கே வந்து கணுக்காலிகளைத் திரட்டிய ஆய்வுக்குழுவில் ஒருவரான பேர் பிரிங் என்பவரின் பெயரே அது. மேலேயுள்ள தேயிலையில் தெளிக்கும் நஞ்சு, மழையோடு கலந்து இறங்குமிடம் இந்நண்டுகளின் ஓடையே என்பதை மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

மஸ்கெலியாப் பக்கத்தில் வானத்தைத் தொட்டு நிற்கும் சிவனொளிபாதமலைக்குச் சிங்கள மக்கள் சமனல கந்த என்று பெயர் வழங்குவர். சமனலயா என்றால் அவர்கள் மொழியில் வண்ணத்துப்பூச்சி. மஞ்சளும் வெள்ளையுமான வண்ணத்துப்பூச்சிகள் ஆண்டின் சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் ஒரே திசை நோக்கிப் பறப்பதைக் கண்ட முன்னோர், அவையும் யாத்திரிகரைப் போல் மலையடிவாரம் தேடிச் சென்று அங்கே உயிர்விடுகின்றன என்று நம்பினர். பூச்சிகளைப் பார்ப்பது நம் நாட்டிலே புதிதன்று என்பதற்கு இந்நம்பிக்கையும் ஒரு சான்று.

கொட்டியது குளவியா, தேனீயா?

இனி, ஹற்றன் மலையில் அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எமது குறிப்பேடுகளை எல்லாம் பார்த்தபின் அவர் சொன்னது இது: "தேயிலையத் தின்னுற பூச்சிய நூறு வருசமா ஆள் வச்சுப் பாக்குறாங்க சேர். எங்களக் கொட்டுற குளவிய யாரு பாக்குறாங்க?"

மாணவர் பேச்சற்று நின்றனர். அவர்களுள் ஒருவன் லயத்திற் பிறந்து வளர்ந்தவன். தன் தாயும் கொழுந்து பறிக்கையிற் கொட்டுண்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியிற் கிடந்ததை அவன் அப்போதுதான் எமக்குச் சொன்னான். மலையகத்தில் குளவி கொட்டிப் பலர் காயமுற்றனர், ஓர் உயிர் போயிற்று என்ற செய்தியைப் பத்திரிகையிற் படிக்காத ஆண்டே இல்லை. அச்செய்திகளில் வரும் குளவி யாது?

அன்று மாலை அம்மையாரும் கங்காணியும் காட்டிய இடங்களைத் தொலைவிலிருந்து நோக்கினோம். பாறைச் சரிவின் அடியிலும், உயர்ந்த மரக்கிளையிலும் அரைவட்டமாகத் தொங்கியவை குளவிக் கூடுகளல்ல, பெருந்தேனீக்களின் அடைகள். லயங்களின் பேச்சிற் கொட்டுவதெல்லாம் குளவிதான். ஆயினும் இவ்விரண்டையும் பிரித்தறிவது வெறும் பெயர் விவகாரமன்று, உயிர் விவகாரம். தேனீயின் கொடுக்கில் முட்கள் உண்டு. கொட்டியதும் அது தோலிலே தங்கிவிடும். நஞ்சு தொடர்ந்து இறங்கும். அன்றியும், அக்கொடுக்கிலிருந்து எழும் ஒருவகை மணம் மற்றத் தேனீக்களை அவ்விடத்துக்கே அழைக்கும். ஆதலின் கொடுக்கை நகத்தால் உடனே வழித்து நீக்கவேண்டும். கையை வீசி அடித்தலாகாது. முகத்தை மூடிக்கொண்டு நில்லாது ஓடி, ஒரு கட்டடத்துள் நுழைந்து கதவடைக்கவேண்டும். பல கொட்டுகள் பட்டவரைத் தாமதமின்றி வைத்தியரிடம் சேர்ப்பிக்கவேண்டும். குளவியின் கொடுக்கோ தங்குவதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும்.

பெருந்தேனீயின் வாழ்க்கையில் இன்னோர் உண்மையும் உண்டு. அது ஓரிடத்தில் நிலைப்பதில்லை. தாழ்நிலத்தில் பூக்குறையும் பருவத்தில் மலையேறும். மலையிற் பூக்குறைந்தால் கீழிறங்கும். ஆயின் திரும்பி வரும்போது, பழகிய அதே மரத்துக்கும் அதே பாறைக்கும் வரும் வழக்கம் அதற்குண்டு. இதனைக் கேட்டதும் அந்த மலையகத்து மாணவன், "அப்படியானால் ஒருமுறை படம் வரைந்து வைத்தால் அடுத்த வருசமும் உதவுமே, சேர்!" என்றான்.

மறுநாள் முழுவதும் வேறு வேலை நடக்கவில்லை. முதியோர் ஒவ்வொருவராக வந்து, எந்தப் பாறையில் எந்த மாதம் அடை தொங்கும், எந்த மரத்தைப் பருந்து தாக்கினால் தேனீக்கள் கலையும், எந்த வழியால் ஓடினால் மறைவிடம் கிடைக்கும் என்று சொல்லச் சொல்ல, மாணவர் மலைமலையாகக் குறித்தனர். பழைய அடையின் மெழுகுத் தழும்பு ஒட்டியிருந்த கிளைகளையும் சேர்த்தனர். மாலையில் அப்படத்தின் ஒரு பிரதி பெரட்டுக்களத்திலே மாட்டப்பட்டது. அடை தொங்கும் இடங்களுக்குக் கொழுந்து பறிக்கப் போகுமுன் ஒருவர் சென்று பார்த்துவருவது என்றும், மருந்து தெளிக்கும் வேலையையும் மரம் வெட்டும் வேலையையும் அங்கே தவிர்ப்பது என்றும் அவர்களே பேசி முடிவு செய்தனர். அடைகளை எரித்துவிடலாமே என்று ஓர் இளைஞர் கேட்டபோது மறுத்தவர் அந்த அம்மையாரே. "அதுவும் பூவுல பொழைக்கிற சீவன்தானே. அது இருக்கிற இடம் தெரிஞ்சா போதும், நாங்க ஒதுங்கிப் போவோம்" என்றார். காட்டுப் பூக்கள் காய்ப்பதற்கும் தோட்டக்காரரின் மரக்கறி விளைவதற்கும் தேனீ வேண்டும் என்று நான் பாடப்புத்தகத்திலிருந்து சொல்லவிருந்ததை அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

பூச்சியியல் என்பது பெரிய கருவிகளும் பெரிய பட்டங்களும் உடையோருக்கே உரியது என்று நம் பெற்றோரும் மாணவரும் எண்ணவேண்டா. தோட்டக்காரரான கிரீன் பூண்டுலோயாவில் தொடங்கிய வேலை அது. கைவில்லையும் குறிப்பேடும் பொறுமையும் உடைய எவரும் தொடரத்தக்கது. பாதுகாக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி ஓர் உயிரையும் எடுத்தலாகாது. ஆனால் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் தடையில்லை. அடுத்த விடுமுறையில் மலைநாடு செல்லும் குடும்பத்தினர், பிள்ளைகளின் கையில் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்துப் பாருங்கள். இடம், நாள், உயரம், செடி என்ற நான்கையும் எழுதப் பழக்குங்கள். அவ்வண்ணமே, மலையிற் கொழுந்து பறிக்கும் ஒருவரைக் கண்டால், படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாது, இங்கே என்ன பூச்சி இருக்கிறது என்று கேளுங்கள். நூல்களில் இன்னும் ஏறாத அறிவு அவர்களிடம் நிரம்ப உண்டு. அதனை எழுதி வைப்பாரின்மையே குறை.